கிலோ என்ன விலை? மளிகைச் சாமான்களை எடைக் கணக்கில் ஒப்பிட்டு வாங்குவது எப்படி

கோபிசெட்டிபாளையத்தில் ஒரு மளிகைக் கடை அலமாரி. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துவரம்பருப்புப் பாக்கெட்டுகள். ஒன்று 82 ரூபாய், மற்றொன்று 76 ரூபாய். எனக்கு முன்னால் நின்ற அம்மா 76 ரூபாய் பாக்கெட்டை எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டு போனார். ஆறு ரூபாய் மிச்சம் என்று நினைத்திருப்பார். நான் இரண்டையும் திருப்பிப் பார்த்தேன். 82 ரூபாய் பாக்கெட்டில் 500 கிராம். 76 ரூபாய் பாக்கெட்டில் 450 கிராம். முதலாவது கிலோ 164 ரூபாய். இரண்டாவது கிலோ கிட்டத்தட்ட 169 ரூபாய். விலை குறைவு என்று எடுத்ததுதான் விலை அதிகம்.

பாக்கெட்டின் மேல் இருக்கும் விலை, அந்தப் பாக்கெட்டின் விலைதானே தவிரப் பருப்பின் விலை இல்லை. பருப்பின் விலை வேண்டுமானால் எல்லாவற்றையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவர வேண்டும். நான் வைத்திருக்கும் அளவுகோல், சட்டிக்குள் போய்ச் சேரும் பொருள் கிலோ என்ன விலை என்பது. அதைக் கண்டுபிடிக்கும் முறையைத்தான் படிப்படியாகச் சொல்கிறேன். இதில் வரும் விலைகள் கணக்குக் காட்டுவதற்காக எடுத்தவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள்.

முதல் படி: இரண்டே எண்கள்

வேண்டியவை இரண்டு: உங்கள் கையிலிருந்து போகும் பணம், பாக்கெட்டின் நிகர எடை. அதிகபட்ச சில்லறை விலையைக் கணக்கில் எடுக்காதீர்கள். கடைக்காரர் பில்லில் போடும் விலைதான் கணக்கு. எடையும் அப்படித்தான். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் '20 சதவீதம் கூடுதல்' என்று இருக்கும். பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் நிகர எடையைத்தான் நம்ப வேண்டும். முன்பெல்லாம் பல பொருட்களை இன்னின்ன அளவுகளில்தான் பாக்கெட் போட வேண்டும் என்று விதி இருந்தது. 2021-இல் வந்த திருத்தம் அந்தப் பட்டியலை எடுத்துவிட்டது. ஆகவே 450, 380, 175 என்று எந்த அளவிலும் பாக்கெட் வரலாம். கண்ணுக்கு அரைக் கிலோ போலத் தெரிவதெல்லாம் அரைக் கிலோ இல்லை.

இரண்டாம் படி: வகுத்தலும் பெருக்கலும்

விலையைக் கிராமால் வகுத்து 1000-ஆல் பெருக்கினால் கிலோ விலை. கைப்பேசிக் கால்குலேட்டரில் ஐந்து விநாடி வேலை. ஆனால் ஒரு கையில் பையும் மறு கையில் குழந்தையுமாக நிற்கும்போது கைப்பேசியை எடுக்க முடியாது. அதற்காக மனக்கணக்கு வழிகள் சிலவற்றைப் பழகி வைத்திருக்கிறேன்.

அரைக் கிலோவுக்கு இரண்டு மடங்கு, கால் கிலோவுக்கு நான்கு மடங்கு, 200 கிராமுக்கு ஐந்து மடங்கு. இவை எல்லோருக்கும் தெரிந்தவை. 750 கிராம் என்றால் விலையோடு அதன் மூன்றில் ஒரு பங்கைச் சேர்க்க வேண்டும். 135 ரூபாய் என்றால் கூட 45, கிலோ 180. 900 கிராம் என்றால் ஒன்பதில் ஒரு பங்கைச் சேர்க்க வேண்டும். 126 ரூபாய் என்றால் கூட 14, கிலோ 140. 450 கிராமுக்கு முதலில் இரண்டு மடங்காக்கி, வந்ததில் ஒன்பதில் ஒரு பங்கைச் சேர்க்க வேண்டும்.

இவற்றுக்குள் அடங்காத எடைக்கு ஒரு பொது வழி உண்டு. கிராமின் கடைசிச் சுழியத்தை எடுத்துவிட்டு வகுத்தால் 10 கிராமின் விலை கிடைக்கும். 180 கிராம் 45 ரூபாய் என்றால், 45-ஐ 18-ஆல் வகுக்க இரண்டரை ரூபாய். நூறு மடங்காக்கினால் கிலோ 250. மிளகு, சீரகம், ஏலக்காய் போன்றவற்றுக்கு மட்டும் 100 கிராம் விலையே போதும். கிலோ ஏலக்காயின் விலை நம் மனத்தில் நிற்காது.

மூன்றாம் படி: அச்சிட்டிருக்கும் அலகு விலையைப் படிப்பது

பாக்கெட்டில் அதிகபட்ச விலைக்குப் பக்கத்திலோ கீழேயோ கிராமுக்கு இவ்வளவு பைசா என்று ஒரு சிறிய எண் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுவே அலகு விற்பனை விலை. 2024 ஜனவரி 1 முதல் அதைக் கட்டாயம் அச்சிட வேண்டும். ஒரு கிலோவுக்குக் குறைவான பாக்கெட்டில் கிராம் கணக்கிலும், அதற்கு மேற்பட்டதில் கிலோ கணக்கிலும் இருக்கும். எண்ணெய், பால் போன்றவற்றுக்கு மில்லி, லிட்டர்.

நல்ல ஏற்பாடு. நுகர்வோர் எல்லோரும் இதைப் பார்க்கப் பழக வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும்.

ஒன்று, அந்த எண் இரண்டு தசம இலக்கத்தோடு நின்றுவிடும். கால் கிலோ 39 ரூபாய் என்றால் கிராமுக்கு 15.6 பைசா; அரைக் கிலோ 82 ரூபாய் என்றால் 16.4 பைசா. இரண்டு பாக்கெட்டிலும் அச்சாகி இருப்பது 0.16 ரூபாய்தான். ஒரே விலை என்று நினைத்து எதையாவது எடுத்துவிடுவோம். கிலோவுக்கு மாற்றினால் ஒன்று 156, மற்றொன்று 164. எட்டு ரூபாய் வித்தியாசம் அந்த இரண்டு இலக்கத்துக்குள் மறைந்துபோகிறது. இந்தக் கணக்கில் சிறிய பாக்கெட்டுதான் மலிவு என்பதையும் கவனியுங்கள். பெரியது என்றால் மலிவு என்பது எப்போதும் உண்மையில்லை.

இரண்டு, அந்த அலகு விலை அதிகபட்ச சில்லறை விலையை வைத்துப் போடப்பட்டது. கடையில் ஒன்றுக்கு ஐந்து ரூபாய், மற்றொன்றுக்குப் பதினைந்து ரூபாய் குறைத்துக் கொடுத்தால் அச்சிட்ட எண் உதவாது. மீண்டும் இரண்டாம் படிக்குப் போய் நாமே வகுக்க வேண்டியதுதான்.

நான்காம் படி: லிட்டரையும் படியையும் கிலோவாக்குவது

நம் பக்கத்தில் அதிகம் ஏமாறுவது எண்ணெயில். காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் ஆலையிலேயே போய்க் கேனில் பிடித்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு இடத்தில் லிட்டர் கணக்கு, இன்னொரு இடத்தில் கிலோ கணக்கு. ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு கிலோ எடை வராது. சுமார் 910 கிராம்தான் வரும். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் ஒரு பத்துக் கிராம் கூடலாம். இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

கடலை எண்ணெய் லிட்டர் 230 ரூபாய் என்று ஒரு செக்கிலும், கிலோ 245 ரூபாய் என்று மற்றொரு செக்கிலும் சொல்கிறார்கள். 230-ஐ 0.91-ஆல் வகுத்தால் கிலோ 253 ரூபாய் ஆகிறது. கிலோ 245 என்றவரிடம் வாங்குவதே லாபம். ஐந்து கிலோ வாங்கினால் 40 ரூபாய்.

பாக்கெட் எண்ணெயிலும் லிட்டர் பாக்கெட் போன்ற தோற்றத்தில் அதைவிடக் குறைந்த அளவு இருக்கலாம். மில்லியோடு சேர்த்து எடையையும் அச்சிடுமாறு ஒன்றிய அரசு 2022-இல் எண்ணெய் நிறுவனங்களை அறிவுறுத்தியது. அந்தக் கிராம் எண்ணைத் தேடிப் பாருங்கள். மில்லியை மறந்துவிட்டுக் கிராமுக்குக் கிராம் ஒப்பிடுங்கள்.

தேனில் கணக்கு தலைகீழ். தேன் தண்ணீரைவிடக் கனம். ஒரு லிட்டர் சுமார் 1.4 கிலோ. சத்தியமங்கலம் மலைப்பக்கம் வாங்கும்போது 'அரை லிட்டர் 280 ரூபாய்', 'அரைக் கிலோ 220 ரூபாய்' என்று இரண்டு விலை கேட்டால், அரைக் கிலோ மலிவாகத் தோன்றும். அரை லிட்டர் என்பது 700 கிராம். அந்த வகையில் கிலோ 400 ரூபாய். அரைக் கிலோ பாட்டில் கணக்கில் கிலோ 440.

அடுத்தது, அளந்து போடும் படி. வாரச்சந்தைகளில் பொரியும் நிலக்கடலையும் இன்னும் படியில் அளந்து போடுகிறார்கள். என் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) சந்தைக்கு என்னைக் கூட்டிப்போன காலத்தில், அளப்பவரின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். "விலையை அப்புறம் பேசலாம் கண்ணு, தலை தட்டுகிறாரா, கும்பமாக விடுகிறாரா என்று முதலில் பார்" என்பார். அது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர் விட்டுச்சென்ற பித்தளைப்படி வீட்டில் இருக்கிறது. காய்ந்த நிலக்கடலைப் பருப்பை அதில் நிரப்பி, விளிம்போடு உள்ளங்கையால் வழித்துத் தராசில் வைத்தேன். 1,020 கிராம். அதே படியில் விளிம்புக்கு மேல் குவித்து, பருப்பு உருண்டு விழத் தொடங்கும் வரை விட்டு நிறுத்தேன். 1,190 கிராம். படி 130 ரூபாய் என்றால், தலை தட்டி அளந்தது கிலோ 127 ரூபாய், கும்பமாக அளந்தது 109 ரூபாய். ஒரே படி, ஒரே விலை, கிலோவுக்கு 18 ரூபாய் வித்தியாசம்.

எல்லாப் படியும் ஒரே கொள்ளளவு இல்லை என்பதால் என் வீட்டு எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். சந்தையில் வாங்கியதை வீட்டில் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். காய்கறிக் கூறும் இப்படித்தான். 20 ரூபாய்க் கூறுத் தக்காளி ஒரு கிலோவா, முக்கால் கிலோவா என்பது கண்ணுக்குத் தெரியாது. கொக்கியில் பையை மாட்டி நிறுக்கும் கைத்தராசு ஒன்று பைக்குள் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். கூறில் வாங்குவது தவறில்லை. பொழுது சாயும் நேரத்தில் பெரிய கூறாகப் போடுவார்கள். கிலோ எவ்வளவு ஆகிறது என்று தெரிந்து வாங்கலாம்.

ஐந்தாம் படி: தோலும் கொட்டையும் போக மிஞ்சுவது

என் பார்வையில் இதுதான் முக்கியமான படி. பலரும் இதற்கு முன்பே நின்றுவிடுகிறார்கள். வாங்கிய எடை வேறு, சமைக்கும் எடை வேறு. கிலோ விலையை, மிஞ்சும் பங்கால் வகுக்க வேண்டும்.

புளியை எடுத்துக்கொள்வோம். ஓடு நீக்கிய புளியில் கொட்டை மட்டும் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கும். கொட்டையும் நாரும் போக 60 சதவீதம் தேறும் என்று வைத்தால், கிலோ 110 ரூபாய்ப் புளி உண்மையில் 183 ரூபாய். கொட்டை எடுத்தது கிலோ 170-க்குக் கிடைத்தால் அதுவே மலிவு, தட்டிக் கொட்டை எடுக்கும் வேலையும் மிச்சம். வருடத்துக்கு வேண்டிய புளியை ஒரேயடியாக வாங்கி உப்புப் போட்டுப் பானையில் அடைக்கிற வீடுகளில் இந்தக் கணக்கு பெரிய தொகை.

தேங்காயில் ஓடும் தண்ணீரும் போய்விடும். பொள்ளாச்சிக் காய் இரண்டை உடைத்து நிறுத்துப் பார்த்தேன். 28 ரூபாய்க்கு வாங்கிய சிறிய காயில் பருப்பு 195 கிராம். 38 ரூபாய்க் காயில் 310 கிராம். சிறியதில் தேங்காய்ப் பருப்பு கிலோ 144 ரூபாய்க்கும் பெரியதில் 123 ரூபாய்க்கும் விழுந்தது. பத்து ரூபாய் கூடக் கொடுத்ததில்தான் மிச்சம்.

நெய்யை நான் இரண்டு முறை கணக்குப் போட்டேன், நம்ப முடியாததால். ஊத்துக்குளி வெண்ணெய் ஒரு கிலோ 640 ரூபாய் என்று கொள்வோம். உருக்கினால் எங்கள் வீட்டில் 780 கிராம் நெய் தேறுகிறது. கிலோ 820 ரூபாய். கடை நெய் 500 மில்லி 370 ரூபாய். அது 455 கிராம்தான், ஆகவே கிலோ 813. அடுப்புச் செலவையும் சேர்த்தால் கடை நெய்தான் சற்று மலிவு. ஆனால் முருங்கைக்கீரை ஒரு கொத்துப் போட்டு உருக்கிய நெய்யின் மணத்துக்கும், அடியில் மிஞ்சும் கசடில் சோற்றைப் பிசைந்து பிள்ளைகள் சாப்பிடுவதற்கும் அந்தச் சில ரூபாயைக் கொடுக்க எனக்குச் சம்மதம். எவ்வளவு கூடக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

சின்ன வெங்காயமும் இப்படியே. தோலோடு கிலோ 50, உரித்தது 70. தோல் போக 88 சதவீதம் தேறினால் தோலோடு வாங்கியது 57 ரூபாய் ஆகிறது. மீதி 13 ரூபாய் உரித்த கூலி. திருப்பூரில் பனியன் கம்பெனி ஷிப்ட் முடிந்து ஏழு மணிக்கு வீடு திரும்பும் பெண் அந்தக் கூலியைக் கொடுப்பதில் ஒரு தவறும் இல்லை.

ஆறாம் படி: ஒரே சரக்கை ஒரே சரக்கோடு

கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரையை வெள்ளைச் சர்க்கரையோடு கிலோ விலையில் ஒப்பிட்டு எதுவும் தெரிந்துகொள்ள முடியாது. முழுப் பருப்பையும் நொறுங்கல் பருப்பையும் ஒப்பிடக் கூடாது. விரலி மஞ்சளை வாங்கி மில்லில் அரைப்பதையும் மஞ்சள்தூள் பாக்கெட்டையும் ஒப்பிடலாம். அரவைக் கூலியையும் அரைக்கும்போது குறையும் எடையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஈரோட்டைச் சுற்றி இருக்கும் நமக்கு விரலி கைக்கெட்டும் தூரத்தில் கிடைப்பதால் இந்தக் கணக்கைக் கட்டாயம் போட்டுப் பார்க்கலாம்.

ஏழாம் படி: சலுகைகளைக் கிலோவாக்குவது

'20 சதவீதம் கூடுதல்' என்பதும் '20 சதவீதம் தள்ளுபடி' என்பதும் ஒன்றல்ல. கிலோ 100 ரூபாய்ப் பொருளில் தள்ளுபடி என்றால் கிலோ 80. கூடுதல் என்றால் 100 ரூபாய்க்கு 1,200 கிராம், கிலோ 83 ரூபாய் 33 பைசா. 'இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்' என்பது மூன்றில் ஒரு பங்கு குறைவு. மூன்றும் தீருமென்றால் நல்லது. விலை அப்படியே இருந்து 100 கிராம் பாக்கெட் 90 கிராமாகச் சுருங்கினால், அது பத்துச் சதவீத உயர்வு இல்லை, பதினொன்றுக்கு மேல்.

அரிசி மூட்டையிலும் எடையைப் பாருங்கள். 25 கிலோ வரையிலான, லேபிள் ஒட்டிய அரிசிப் பைகளுக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீதம் ஜி.எஸ்.டி. விதிக்கப்பட்டது. அதன் பிறகு 26 கிலோ மூட்டைகள் வந்தன. 25 கிலோ 1,450 ரூபாய், 26 கிலோ 1,482 ரூபாய் என்றால் 32 ரூபாய் அதிகம் போலத் தோன்றும். கிலோவுக்கு முதலாவது 58, இரண்டாவது 57.

எட்டாம் படி: வழிச்செலவும் வீணாவதும்

உழவர் சந்தையில் அன்றைய விலைப் பலகை கிலோக் கணக்கில் இருக்கும். அதுவே நல்ல அளவுகோல். ஆனால் வண்டியில் போய் 30 ரூபாய் பெட்ரோல் செலவழித்து 5 கிலோ வாங்கினால் கிலோவுக்கு 6 ரூபாய் கூட்டிக்கொள்ள வேண்டும். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், நாம் போனால் அந்த ஆறு ரூபாயும் கிடையாது.

வீணாவதையும் கழிக்க வேண்டும். மூன்று கிலோ தக்காளி 60 ரூபாய்க்கு வாங்கி ஒரு கிலோ அழுகிப்போனால் கிலோ 20 இல்லை, 30. ரவையிலும் மாவிலும் வண்டு விழும். எண்ணெய் நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும். ஒரு மாதத்தில் தீரும் அளவுக்கு மேல் எவ்வளவு மலிவு என்றாலும் நான் வாங்குவதில்லை. அரிசி, புளி, உப்பு மூன்றுக்கும் மட்டும் விலக்கு.

ஒன்பதாம் படி: தராசு

கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் எடை தவறினால் எல்லாம் போயிற்று. பொருளை வைக்கும் முன் மின்னணுத் தராசு பூஜ்யம் காட்ட வேண்டும். பாத்திரம் வைத்தால் பாத்திர எடையைக் கழித்துவிட்டுத்தான் நிறுக்க வேண்டும். தராசில் தொழிலாளர் துறையின் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கலாம். ஒரு பலகாரக் கடையில் கிலோ 480 ரூபாய் மிக்சரை அட்டைப்பெட்டியோடு நிறுத்துத் தந்தார்கள். வீட்டுக்கு வந்து வெறும் பெட்டியை நிறுத்தேன், 42 கிராம். இருபது ரூபாய்க்கு அட்டை வாங்கியிருக்கிறேன். அடுத்த முறை, "பெட்டியை முதலில் வைத்துப் பூஜ்யமாக்கிக்கொள்ளுங்கள், அண்ணா" என்று சொன்னேன். மறுபேச்சில்லாமல் செய்தார். கேட்டால் பெரும்பாலும் செய்வார்கள். செய்யாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

பத்தாம் படி: ஒரு நோட்டு

எல்லாப் பொருளுக்கும் இதைச் செய்ய உட்கார்ந்தால் மூன்றாம் நாளே அலுத்துவிடும். மாதப் பில்லை எடுத்து, அதிகப் பணம் போகும் பத்துப் பொருட்களைக் கோடிடுங்கள். எங்கள் வீட்டில் அரிசி, துவரம்பருப்பு, உளுந்து, கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், மல்லி, மிளகாய், நாட்டுச்சர்க்கரை, புளி. கிராம்பிலும் பட்டையிலும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஒரு பொருளுக்கு ஒரு பக்கம். தேதி, கடை, கொடுத்த பணம், எடை, கிலோ விலை என்று ஐந்து கட்டங்கள். மூன்று மாதம் எழுதினால் எந்தப் பொருளின் நியாய விலை எது என்று கை எடுக்கும்போதே தெரிந்துவிடும். நான் பிறகு ஆறாவதாக ஒரு கட்டம் சேர்த்தேன், தீர்ந்த தேதி. சென்ற மாதம் கிலோவுக்கு பத்து ரூபாய் குறைவாக வாங்கிய உளுந்து, வழக்கமான அளவு போட்டால் மாவு போதவில்லை என்று ஒவ்வொரு முறையும் ஒரு கை கூடப் போட்டதில் ஆறு நாள் முன்னதாகவே தீர்ந்திருந்தது. அந்த வரிக்குப் பக்கத்தில் 'இனி வேண்டாம்' என்று எழுதி வைத்திருக்கிறேன்.